பளிங்கு போன்ற நீரை நம்பலாமா?

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ நீச்சல் குளம் இருந்தால், அதைத் துப்புரவு செய்யத் தானியங்கி இயந்திரம் வாங்கும் பேச்சு ஒரு நாள் எழும். 'விலை எவ்வளவு?' என்றுதான் பெரியவர்கள் முதலில் கேட்பார்கள். அறிவியல் படிக்கும் நீங்கள் மூன்று கேள்விகளை முன்வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இது எந்தச் சக்தியால் ஓடுகிறது? அள்ளும் அழுக்கு எங்கே போகிறது? இதனால் செய்ய முடியாதது எது?

இந்த இயந்திரங்களில் மூன்று வகை உண்டு. முதலாவது, உறிஞ்சும் வகை. 1974-இல் தென்னாப்பிரிக்காவில் பெர்டினாண்ட் ஷோவியே உருவாக்கிய 'கிரீப்பி கிராலி' இவ்வகையைச் சேர்ந்தது. குளத்தின் பம்பு நீரை இழுக்கும் விசையிலேயே இது நகரும். அழுக்கு முழுவதும் குளத்தின் வடிகட்டிக்குப் போகும். இரண்டாவது, அழுத்த வகை. பம்பு குளத்துக்குத் திருப்பி அனுப்பும் நீரின் அழுத்தத்தில் ஓடி, இலைகளைத் தன் பையில் சேர்க்கும். சிலவற்றுக்குத் தனியாக இன்னொரு பம்பும் தேவை. மூன்றாவது, ரோபோ. இதற்குச் சொந்த மோட்டார், சொந்த வடிகட்டி உண்டு.

ரோபோவுக்குச் சுமார் 150 முதல் 200 வாட் மின்சாரம் போதும். 1 குதிரைத்திறன் என்பதே 746 வாட். அப்படியானால் ரோபோதான் எப்போதும் சிக்கனமா? அவசரப்படாதீர்கள். நீரை வடிகட்டப் பம்பு எப்படியும் தினமும் சில மணி நேரம் ஓடத்தான் வேண்டும். ஒரே வேகத்தில் ஓடும் பம்பு என்றால், அந்த நேரத்திலேயே உறிஞ்சும் இயந்திரமும் வேலையை முடித்துவிடும். வேகத்தை மாற்றக்கூடிய பம்பு என்றால் கணக்கு வேறு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பம்புக்குத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அந்த மெதுவான ஓட்டத்தில் உறிஞ்சும் இயந்திரம் சரியாக நகராது. அங்கே ரோபோதான் பொருத்தம். ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டுப் பம்பைப் பாருங்கள். குளத்தின் மேல் மரம் கவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இலைகள் அதிகம் விழுந்தால் பெரிய பை உள்ள இயந்திரமே உதவும்.

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். எந்தத் துப்புரவு இயந்திரமும் கிருமிகளைக் கொல்லாது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியாக்களின் நீளம் சில மைக்ரான்தான். வைரஸ்கள் இன்னும் சிறியவை. இலையையும் மணலையும் அள்ளும் வடிகட்டியை நம்பி இவற்றை விட்டுவிட முடியாது. அவற்றை அழிப்பது குளோரின்.

குளோரினும் பிஎச் அளவைப் பொறுத்தே வேலை செய்யும். பிஎச் 7.5 இருக்கும்போது குளோரினில் ஏறக்குறைய பாதி, கிருமியைத் திறம்படக் கொல்லும் வடிவில் இருக்கும். பிஎச் 8-க்கு ஏறினால் அது கால் பங்காகக் குறைந்துவிடும். நம் நாட்டு வெயில் குளோரினைச் சிதைக்கிறது. அடைமழை அதன் செறிவைக் குறைக்கிறது. ஆண்டு முழுவதும் நீடிக்கும் வெப்பத்தில் பாசிக்கு ஓய்வே இல்லை. தரை பளபளவென்று இருக்கும் குளத்திலும் நீர் பாதுகாப்பற்றதாக இருக்கலாம். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இங்கேதான் தானியங்கி இயந்திரம் நம்மை ஏமாற்றிவிடுகிறது. கையால் துடைத்த காலத்தில் குளத்தருகே தினமும் ஒருவர் நின்றார். நீரின் நிறம் மாறியதும் கவனித்தார். இப்போது பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறோம். நீரில் விளையாடும் தம்பி தங்கைகள்தான் அதன் விலையைக் கொடுப்பார்கள்; வயிற்றுப்போக்கு, கண் எரிச்சல், காதுத் தொற்று என்று.

இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதுகு வளைந்து தேய்க்கும் வேலையை அது தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அதற்கு முன், குளோரினையும் பிஎச் அளவையும் காட்டும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். விலையும் குறைவு, பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் செய்த சோதனையைப் போன்றதுதான். அந்தப் பொறுப்பை நீங்களே ஏற்று, அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். இயந்திரம் ஓடும்போது யாரும் குளத்தில் இறங்க வேண்டாம். கம்பி இணைப்புள்ள ரோபோ என்றால், அதன் மின்மாற்றியை நீர் தெறிக்காத தூரத்தில் வையுங்கள். மின் இணைப்பைத் துண்டித்த பிறகே ரோபோவை வெளியே எடுங்கள்.

தரையைத் துடைக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம். நீரைச் சோதிக்கும் வேலை நம்மிடமே இருக்கட்டும்.