கருப்புத் துணியும் பேய்ப் பயமும்

'கோத்' என்று ஒரு கூட்டத்தார் மேல்நாடுகளில் இருக்கிறார்கள். கருப்புடை, சாயமேற்றிய கருந்தலை, கண்ணைச் சுற்றி மை, நகத்திலும் உதட்டிலும் கருப்பு, முகத்துக்கு வெளுப்பான பூச்சு, இதுதான் அவர்களுடைய வேஷம். கைப்பேசியின் தயவால் இந்தப் படங்கள் கும்பகோணம், மன்னார்குடி வரைக்கும் வந்துவிட்டன. இவர்கள் பிசாசைக் கும்பிடுகிறவர்கள், சாவைத் தேடுகிறவர்கள், கொலைக்கு அஞ்சாதவர்கள் என்ற புரளியும் கூடவே வந்துவிட்டது. நாளைக்கு ஒரு மிராசுதார் வீட்டுப் பிள்ளையோ, நடவாள் வீட்டுப் பெண்ணோ நகத்தில் கருப்புப் பூசிக்கொண்டு லீவுக்கு ஊர் வந்தால், வீட்டார் முதலில் தேடப்போவது வேப்பிலைக்காரனைத்தானே? ஆகையால் சங்கதி இன்னதென்று சொல்லி வைக்க நினைக்கிறோம்.

பெயரிலிருந்தே புரட்டு துவங்குகிறது. கோத் என்பது பழைய ஜெர்மானிய இனத்தாரில் ஒரு பிரிவுக்குப் பெயர். கி.பி. 410ல் அவர்கள் ரோமாபுரியைக் கொள்ளையிட்டார்கள். (அப்போதே அவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதைப் பிசாசுக் கதை சொல்லுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.) ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு இத்தாலி தேசத்துப் பண்டிதர்கள், தங்களுக்குப் பிடிக்காத பழைய மாதாகோயில் கட்டடங்களைக் 'கோத்திக்' என்று, அதாவது காட்டுமிராண்டி வேலை என்று வைதார்கள். நம் புராணக்காரர்கள் ஆகாதவனையெல்லாம் அரக்கன் என்று எழுதி வைத்தார்களல்லவா, அந்த மாதிரிதான். பிறகு 1764ல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் ஒரு கோட்டையைப் பற்றிப் பயங்கரக் கதை எழுதி, இரண்டாம் பதிப்பில் தாமே அதைக் 'கோத்திக் கதை' என்று போட்டுக்கொண்டார். வசவு ஒரு ரசனைக்குப் பெயராகிவிட்டது.

இன்றைய கோத்துகள் பிறந்தது கோயிலிலுமல்ல, சுடுகாட்டிலுமல்ல, பாட்டுக் கச்சேரியில். 1979ல் இங்கிலாந்தில் பவ்ஹாஸ் என்ற குழுவினர், டிராகுலா வேஷம் போட்ட நடிகர் பேலா லுகோசி செத்துப்போனதைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார்கள். 1982ல் லண்டனில் 'பேட்கேவ்', அதாவது வௌவால் குகை, என்ற பாட்டுக்கூடம் திறந்தது. இவர்களுக்கு வேதமில்லை, குருவில்லை, தீட்சையுமில்லை. கடவுளை நம்புகிறவனும் உண்டு, நம்பாதவனும் உண்டு. சிலுவையைச் சிலர் நகையாக மாட்டிக்கொள்ளுகிறார்கள். பேய்க்கதை ரசிக்கிறவன் பேயை நம்பித்தானாக வேண்டும் என்றால், சினிமாப் பார்க்கிற பாதிப்பேர் மந்திரவாதியாயிருக்க வேண்டும்.

சாவைப் பற்றிப் பாடுகிறார்களே என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: நம் ஊரில் ஒப்பாரி வைக்கும் கிழவி சாவை விரும்பியா பாடுகிறாள்? துக்கத்தை மறைக்காமல் வாய்விட்டுச் சொல்ல நம் பெண்களுக்கு ஒரு பாட்டு இருக்கும்போது, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒன்று இருந்தால் அது பிசாசாகிவிடுமா?

இனிக் கருப்பு. கல்யாணப் பந்தலுக்குக் கருப்பு ஆகாது என்கிறார்கள். ஆனால் குழந்தைக்குக் கண்ணேறு படாமலிருக்க வைப்பது கருப்புப் பொட்டு. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர் உடுத்துவது கருப்பு. வக்கீல் போட்டால் கௌரவம், கோத் போட்டால் பேய்! நமக்கும் இதில் பழக்கமுண்டு. நம் தோழர்கள் கருஞ்சட்டை போட்டபோது சாவுக்குறி என்றார்கள். 1946 மே மாதம் மதுரைக் கருஞ்சட்டை மாநாட்டுப் பந்தலைக் கொளுத்தினார்கள். 1948ல் சர்க்கார் கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டது. நம் கருப்பு சமூக இழிவைக் காட்டப் போட்டது, அவர்கள் கருப்பு ரசனைக்குப் போட்டது. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. கண்டவுடன் மிரண்டவன் புத்திதான் ஒன்று.

அந்தப் புத்தி எதில் முடியும் என்பதற்கு வருவோம். 1999ல் அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றபோது, பத்திரிகைக்காரர்கள் பழியைக் கோத்துகள் மேல் போட்டார்கள். சுட்டவர்கள் அந்தக் கூட்டத்தாரே அல்லர் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் 2007 ஆகஸ்டில் இங்கிலாந்து பேக்கப் நகரத்துப் பூங்காவில், சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணையும் அவருடைய காதலரையும் வாலிபர் கும்பலொன்று மிதித்துத் தள்ளிற்று. கோத் மாதிரி உடுத்தியிருந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. காதலர் பிழைத்தார், அந்தப் பெண் நினைவு திரும்பாமலே செத்துப்போனார். 2013ல்தான் மான்செஸ்டர் வட்டாரப் போலீசார் இப்படிப்பட்ட அடிதடியை வெறுப்புக் குற்றமென்று பதிவு செய்யத் துவங்கினார்கள்.

2015ல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், கோத் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட பிள்ளைகளிடம் மனச்சோர்வும் தம்மைத் தாமே காயப்படுத்திக் கொள்ளுவதும் அதிகம் என்று கண்டார்கள். இதை மறைக்க மாட்டோம். உடைதான் அதற்குக் காரணமென்று ஆராய்ந்தவர்களே சொல்லவில்லை. முன்பே வாடியிருந்த பிள்ளை தன்னைப்போன்றவர்களைத் தேடிப் போயிருக்கலாம். ஆகவே பெற்றோர்களே, பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் முடங்கிக் கிடந்தால் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். வெள்ளை வேட்டி கட்டியிருந்தாலும் அழைத்துப் போங்கள். நன்றாயிருக்கிற பிள்ளை கருப்பு உடுத்தினால், அதை மட்டும் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள். மற்றத் துணியில் சாயம் ஏறிவிடும்.