ஒலிபெருக்கியின் முகத்திரை



கப்பற்பணியிலிருந்து விடுமுறையில் வந்த இளைஞர் ஒருவர், உயர்ந்த ஒலிபெருக்கிகள் இரண்டை வீட்டுக்குக் கொணர்ந்தார். வந்த அன்றே அவற்றின் முன்புறத் துணிச் சட்டங்களைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். துணி ஒலியை விழுங்குகிறது என்பது அவர் கட்சி. கடலோர வீட்டில் உப்பும் புழுதியும் உள்ளே புகுமே என்பது தந்தையாரின் கட்சி. இல்லம் சந்திக்கச் சென்ற என்னை, "சுவாமி, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று நடுவராக அமர்த்திவிட்டனர்.

காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. வினாடிக்கு 100 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், அதற்குத் துணியும் சட்டமும் ஒரு பொருட்டல்ல. 10,000 அதிர்வுள்ள உச்ச ஒலிக்கோ அலைநீளம் 3.4 சென்டிமீட்டர்தான். இரண்டு சென்டிமீட்டர் தடித்த மரச்சட்டத்தின் விளிம்பில் அது மோதிச் சிதறுகிறது. ஆகவே, பெரும்பாலும் குற்றவாளி மெல்லிய துணியன்று, அதைத் தாங்கும் சட்டமே. நெருங்க நெய்த துணியும் புழுதி அடைத்த துணியும் வேறு கதை. திரையோடு சேர்த்தே ஒலியைச் சீரமைக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. கையேட்டைப் பார்ப்பது நலம்.

தந்தையாரின் அச்சமும் வீணன்று. அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸ், கெலாக் இருவரும் 1925-இல் வெளியிட்ட அமைப்பே இன்றும் அடிப்படை: கூம்பு, கம்பிச்சுருள், காந்தம். சுருள் அசையும் இடைவெளி மிகக் குறுகியது. துருத்தூளைக் காந்தம் இழுத்துக்கொண்டால் கரகரப்புத்தான். என் இளமையில், இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கட்டும் என்று வீட்டு வானொலிப்பெட்டியின் துணியைக் கிழித்தவன் நான். பல்லி கூம்பைத் துளைத்தது, அப்பாவிடம் அடியும் கிடைத்தது. உப்புக்காற்றைத் துணி முற்றும் தடுக்காது. பல்லியையும் குழந்தையின் விரலையும் தடுக்கும்.

வாதத்தை விட்டுச் சோதனைக்கு வந்தோம். ஒலியளவை மாற்றாமல், கேட்பவர் கண்ணைக் கட்டி, திரையை மாட்டியும் கழற்றியும் அதே பாட்டை வைத்தோம். இளைஞர் பாதியளவே சரியாகச் சொன்னார். பத்து வயதுத் தங்கை மகள் பெரும்பாலும் தவறவில்லை. உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன் சிறுவர்க்கு மிகுதி. எனக்கோ வேறுபாடே தெரியவில்லை. ஐம்பதைக் கடந்த செவி!

அப்போது மூலையில் இருந்த பாட்டியம்மாள், "பாட்டு கேட்குது சாமி, சொல்லுதான் விளங்கலே" என்றார்கள். கூடத்தில் பேச்சு நின்றது. சகரம் போன்ற மெய்யொலிகள் உச்ச அதிர்வுகளில் வாழ்பவை; முதுமையில் முதலில் மங்குபவை அவையே. வீட்டார் அதுவரை அவரைக் கவனமின்மைக்காகக் கடிந்து வந்திருக்கிறார்கள்.

கேட்கும்போது கழற்றுவது, கேட்டபின் மாட்டுவது என்று திரைக்கு உடன்பாடு ஏற்பட்டது. மறுவாரமே பாட்டியம்மாளை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் பேரனே அழைத்துச் சென்றார்.