எடை குறைந்தால் யார் தலையில்?

தஞ்சை ஜில்லாவில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிற விவசாயியின் கண்ணில் படுகிற சர்க்கார் ஒருவர்தான்: பட்டியல் எழுத்தர். மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாக நிறுக்கிறார் என்று அவர் சட்டையைத்தான் பிடிக்கிறார்கள். கூடுதலாக நிறுப்பதை நாம் நியாயப்படுத்தவில்லை. அது விவசாயியின் வயிற்றில் அடிப்பதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

17 சதவீதம் வரை ஈரமுள்ள நெல்லை வாங்கலாம் என்பது வழக்கமான விதி. அந்த ஈரத்தில் எடை போட்ட 40 கிலோ சிப்பம், லாரி வராமல் வெயிலில் கிடந்து 14 சதவீதத்துக்குக் காய்ந்தால், ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம் குறைந்துவிடும். ஆயிரம் சிப்பத்துக்கு 1,400 கிலோ! இதை யாரும் திருடவில்லை, காற்று கொண்டுபோயிற்று. ஆனால் கிடங்கு வாசலில் தராசில் ஏற்றியதும், அனுமதித்த கழிவு போக மீதிக் குறைவு எழுத்தர் கணக்கில் ஏறுகிறது. அவரோ, பெரும்பாலும், பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வைத்த ஊழியர். லாரி அனுப்பாத மேலதிகாரி கணக்கில் ஒரு கிலோவாவது ஏறியதுண்டா?

வாங்கிய நெல்லைத் தாமதமின்றிக் கிடங்குக்கு ஏற்றுங்கள். கிடந்த நாளைக் கணக்கிட்டுக் கழிவை நிர்ணயம் செய்யுங்கள். அதன் பிறகும் ஒருவர் கூடுதலாக நிறுத்தால், விவசாயிகளோடு சேர்ந்து அந்த நிலையத்து வாசலில் நாமே வந்து நிற்போம்.