கடல் இல்லாத ஊருக்கும் கப்பல் விழாவில் பங்குண்டு!

விரிஞ்சிபுரத்தில் தண்ணீர் என்றாலே பாலாறுதான். அதுவும் வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். டி.வி-யில் கடற்படை அணிவகுப்பு ஓடினால், "அதெல்லாம் கடலோரத்துப் பிள்ளைங்களுக்கு" என்று சேனல் மாற்றிவிடுகிற வீடுகள் இங்கே உண்டு. ஆனால், அந்த விழாவில் இந்தப் பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது.

முப்படைகளின் தலைமைத் தளபதி குடியரசுத் தலைவர். அவர் தன் பதவிக்காலத்தில் ஒருமுறை கடற்படையை நேரில் பார்வையிடுவது மரபு. 1953-ல் ராஜேந்திர பிரசாத் காலத்தில் தொடங்கியது இது. 2022 பிப்ரவரி 21 அன்று விசாகப்பட்டினத்தில் ராம்நாத் கோவிந்த் பார்வையிட்டது 12-வது. 60-க்கும் மேற்பட்ட கப்பல்களும் நீர்மூழ்கிகளும், 55 விமானங்களும் கலந்துகொண்டன.

நங்கூரமிட்டு வரிசையாக நிற்கும் கப்பல்களைக் கடந்து குடியரசுத் தலைவரின் கப்பல் மெதுவாகச் செல்லும். ஒவ்வொரு கப்பலின் விளிம்பிலும் வெள்ளைச் சீருடையில் நிற்கும் வீரர்கள், தொப்பியைக் கழற்றி உயர்த்தி 'ஜே' கோஷம் எழுப்புவார்கள். கரையிலிருந்து பார்த்தால் முகம் எதுவும் தெரியாது, ஒரு வெள்ளைக் கோடுதான் தெரியும். அந்தக் கோட்டில் நிற்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை.

அன்று வானில் பறந்தவற்றில் பி-8ஐ ரக விமானமும் ஒன்று. கடலுக்கடியில் பதுங்கும் நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை. இந்தியாவில் அதற்கு முதல் வீடு, அரக்கோணத்தில் 1992-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம். விரிஞ்சிபுரம் ஸ்டேஷனைத் தாண்டி சென்னைக்குப் போகிற அதே ரயில் பாதையில்தான் அரக்கோணமும் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, பயணிகள் விமானங்களுக்குக் கைகொடுத்ததும் இந்த ராஜாளிதான்.

2006-ல் இதே விசாகப்பட்டினத்தில் கடற்படையைப் பார்வையிட்டவர் அப்துல் கலாம். ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன், அந்தப் பயணத்தின்போது நீர்மூழ்கிக் கப்பலிலும் பயணம் செய்தார்.

வேலூர் பக்கம் ராணுவத்துக்குப் புதிதல்ல. வீட்டுக்கு வீடு படைவீரர்கள் இருக்கும் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் அடுத்து பிள்ளைகளுக்குத் தோன்றுகிற வழி ராணுவம். கடற்படை அந்தப் பட்டியலில் அவ்வளவாக வருவதில்லை.

2022 முதல் அக்னிவீர் திட்டத்தில் பெண்களும் மாலுமிகளாகச் சேரலாம். ஆனால், பணி நான்கு ஆண்டுகள்தான். அதன்பின் அதிகபட்சம் 25 சதவிகிதம் பேருக்கே நிரந்தர வாய்ப்பு. மீதிப் பேர் இருபதுகளின் தொடக்கத்தில் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். இதையும் வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தமுறை டி.வி-யில் அந்த வெள்ளைக் கோடு தெரிந்தால், சேனலை மாற்றாமல் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைக்கலாம்.