பாதிக் கார் வாங்கி முழு உயிரைக் கொடுக்காதே!



சனிக்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் உங்கள் மகன் எங்கே இருக்கிறான்? "கூட்டாளியோட வெளிய போயிருக்கான்" என்பீர்கள். எந்தக் கூட்டாளி, எந்த ரோடு, எந்தக் கார், அந்தக் காருக்குள் யாருடைய இன்ஜின்? இந்த நான்கு கேள்விக்கும் உங்களிடம் பதில் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். பதில் இல்லையென்றால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். வீட்டில் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கார் ஓட்டும் நம் பையன்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களைத் திட்ட நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவனுடைய ஆசையில் எத்தனை பேர் காசு பார்க்கிறார்கள், கடைசியில் விலை கொடுப்பது யார் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கார் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜப்பானில் புதுக் கார் வாங்கினால் மூன்றாம் ஆண்டில் ஒரு சோதனை, அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு சோதனை. கார் பழசாகப் பழசாக அந்தச் செலவு ஏறும். அதனால் நன்றாக ஓடக்கூடிய கார்களையே ஜப்பான்காரன் தள்ளிவிடுகிறான். அதை முழுசாக மலேசியாவுக்குள் கொண்டுவர ஏ.பி. என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு மேல் இறக்குமதி வரி, எக்சைஸ் வரி. எக்சைஸ் வரி மட்டுமே 60 முதல் 105 விழுக்காடு வரை. நம் ஆளால் முடியுமா? முடியாது. அதனால் வியாபாரி காரை இரண்டாக அறுத்து, முன்பாதியை உதிரிப் பாகம் என்று கொண்டு வருகிறான். அதுதான் "ஹாப் கட்". கிள்ளானிலும் சுங்கை பூலோவிலும் கடைக்குக் கடை அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான்.

அந்த ஏ.பி. சீட்டு யாருக்குப் போனது? பூமிபுத்ராக்களைக் கார் வியாபாரத்தில் வளர்ப்பதற்காக 1970களில் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஏழை மலாய்க்காரர் யாராவது அதனால் வளர்ந்தாரா? 2005 ஜூலையில் அனைத்துலக வாணிப அமைச்சு பெயர்ப் பட்டியலை வெளியிட்டபோது ஊரே வாய் பிளந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரின் கையில் ஆயிரக்கணக்கான சீட்டுகள்! 2010 முதல்தான் திறந்த ஏ.பி. ஒவ்வொன்றுக்கும் 10,000 வெள்ளி கட்டணம் விதித்தார்கள். அதுவரை அந்தக் காகிதம் சிலருக்குப் பணம் காய்க்கும் மரம். முழுக் கார் அவர்களுக்கு. அறுத்த பாதிக் கார் நம் பையனுக்கு!

அந்தப் பாதிக் காரை வைத்து அவன் என்ன செய்கிறான்? அப்பா ஓட்டித் தேய்த்த பழைய புரோட்டோன் விராவுக்குள் மிட்சுபிஷி 1.8 டர்போ இன்ஜினை இறக்குகிறான். அம்மாவின் கன்சிலுக்குள் டைஹாட்சு மிரா டர்போவைப் பொருத்துகிறான். இது எப்படி முடிகிறது? 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவின் உள்ளே இருந்தது மிட்சுபிஷி. 1994-இல் வந்த கன்சிலின் உள்ளே இருந்தது டைஹாட்சு. தேசியக் கார் என்று கொடி கட்டி விற்றதன் குடும்ப வரலாற்றை, அமைச்சர்களை விட நம் பட்டறைப் பையன் நன்றாக அறிந்து வைத்திருக்கிறான்!

அவனுக்கு ஏன் இந்த வெறி? வீட்டைப் பாருங்கள், புரியும். 1990களில் புத்ராஜெயா கட்டுவதற்காக பெராங் பெசார், செட்ஜ்லி, மேடிங்லி, கேலவே தோட்டங்களின் மக்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு அந்தச் சுவர்களிலேயே விரிசல் விழுந்தது. இது ஒரு இடத்தின் கதை மட்டும் அல்ல. தோட்டத்தில் லயத்து வீடு சிறியதுதான். ஆனால் வாசலில் பந்தாடத் திடல் இருந்தது, கோயில் இருந்தது, திருவிழா இருந்தது. அடுக்குமாடியில் என்ன இருக்கிறது? மூன்று அறையில் ஏழு பேர், பழுதான லிப்ட், கீழே கார் நிறுத்தும் இடம். அந்த வீட்டில் அவனுக்கென்று கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடையாது. கார்தான் அவனுடைய அறை. வேலையிடத்தில் பேர் சொல்லிக்கூட அவனைக் கூப்பிடாத தவுக்கே, அந்தக் கார் சத்தத்துக்காவது திரும்பிப் பார்க்கிறான்.

ஓட்டுவதற்கு இடம் இருந்ததா? ஷா ஆலம் பத்து தீகாவில் 1968 முதல் ஒரு பந்தயத் திடல் இருந்தது. கிள்ளானிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் மோட்டாரிலேயே போய்விடலாம். 2003-இல் அதை இடித்தார்கள், நிலம் வீடமைப்புக்குப் போனது. 1999-இல் திறந்த சிப்பாங் திடலில் உலகக் கார் பந்தயமெல்லாம் 2017 வரை நடத்தினார்கள். நம் பையனுக்கு அதன் டிக்கெட்டே எட்டாது. பிறகு எங்கே கார் ஓட்டுவது? அதனால் அவனுக்குக் கிடைத்தது கெசாஸ் நெடுஞ்சாலையும் உலு யாம் மலைப்பாதையும்.

இங்கேதான் நான் அவன் பக்கம் சாய மாட்டேன். காரணம் சொல்வது வேறு, நியாயம் சொல்வது வேறு. 2016-இல் மட்டும் இந்த நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் செத்தார்கள். நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டாரில் போகிறவர்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் மோட்டாரில் போகிறவர் யார்? டத்தோவா? தொழிற்சாலை இரவு ஷிப்ட் முடித்த அக்காள், பாதுகாவலர் வேலைக்குப் போகும் மாமா, இல்லாவிட்டால் வங்காளதேசத்திலிருந்து வந்த இன்னொரு ஏழை. உங்கள் மகன் ஜெயிக்கும் பந்தயத்தில் அடிபட்டுச் சாகப் போவது உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்!

சட்டமும் சும்மா விடாது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81-ஆவது பிரிவு, அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விடுவதைத் தடுக்கிறது. 42-ஆவது பிரிவின் கீழ் ஆபத்தாக ஓட்டினால் 5 ஆண்டு வரை சிறை, 15,000 வெள்ளி வரை அபராதம், லைசென்சும் போகும். ஆள் செத்துவிட்டால் அது 41-ஆவது பிரிவு. தண்டனை இன்னும் கடுமை. "எல்லாரும்தானே ஓட்டுறாங்க" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், கண்தான் இரண்டு! 2006, 2007-இல் மாட் ரெம்பிட் இளைஞர்களை அம்னோ புத்ரா பிரிவு கூட்டி வைத்து, "மாட் செமெர்லாங்" என்று புதுப்பேர் சூட்டியது. சிறந்து விளங்கும் இளைஞராம்! அவர்களைத் திருத்த முயன்றதில் எனக்குப் பொறாமை இல்லை. அந்தப் பிள்ளைகளும் கம்பத்து ஏழைகள்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: அதே வயசு, அதே வெறி, அதே ரோடு, நம் பையனுக்கு வைத்த பேர் என்ன? "கேங்ஸ்டர்". பங்சாரில் பணக்காரன் மகன் அதே டர்போவை வைத்திருந்தால் அது பொழுதுபோக்கு. செந்தூலில் நம் மகன் வைத்திருந்தால் அது சந்தேகம்!

அந்தச் சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அ. குகனை மறந்துவிடாதீர்கள். விலையுயர்ந்த கார்களின் திருட்டு தொடர்பாக என்று சொல்லி 2009 ஜனவரியில் பிடித்தார்கள். 22 வயது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, வழக்குக்கூட நடக்கவில்லை. ஜனவரி 20-ஆம் நாள் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் பிணமானார். உடம்பெல்லாம் காயம். 2013-இல் உயர்நீதிமன்றம் போலீஸ் தரப்பே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, மகன் வந்தானா? 2010 ஏப்ரலில் ஷா ஆலத்தில், அக்காளின் காரை எடுத்துக்கொண்டு போன பள்ளி மாணவன் அமினுல்ரஷீத் போலீஸ் குண்டுக்குப் பலியானான். அவன் மலாய்க்காரப் பிள்ளை. ஆகவே இது இனப் பிரச்சினை மட்டும் இல்லை, ஏழைப் பிரச்சினையும்தான். ஆனால் ஏழையாகவும் தமிழனாகவும் இருந்தால் இரண்டு மடங்கு அடி!

இந்த நிலையில் உங்கள் மகன் ரசீது இல்லாத இன்ஜினைக் காரில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றலாமா? நீங்களே சொல்லுங்கள். எந்தக் கடையில் வாங்கினான் என்று காட்டக் காகிதம் இல்லையென்றால், வாகனத் திருட்டு என்ற 379ஏ பிரிவைக் காட்டி உள்ளே வைக்க அது போதும். இன்ஜின் வாங்கினால் ரசீதும் சுங்கக் காகிதமும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஜேபிஜே-யில் இன்ஜின் மாற்றத்தைப் பதியச் சொல்லுங்கள். பதியாத மாற்றம் இருந்தால், விபத்தின்போது உங்கள் கார் நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இடம் உண்டு.

தாய்மார்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மகனுக்கு லோன் கிடைக்கவில்லை என்று உங்கள் பேரில் கார் எடுக்கிறீர்கள். சம்மன் யார் பேருக்கு வரும்? உங்கள் பேருக்கு. "ஓட்டியது யார்?" என்று 115-ஆவது பிரிவின் கீழ் யாரைக் கேட்பார்கள்? உங்களை. இரண்டு மாதம் தொடர்ந்து தவணை கட்டாவிட்டால் நோட்டீஸ் கொடுத்து பேங்க் காரை இழுத்துப் போகும். அவன் டர்போவுக்குக் கொட்டிய காசும் கூடவே போகும். அந்த ஓட்டையை அடைக்க ஆ லோங்கிடம் போனால் குடும்பமே ஊரை விட்டு ஓட வேண்டியதுதான். பாசத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்!

ஒருவேளை போலீஸ் பிடித்துவிட்டால்? பயந்து நடுங்க வேண்டாம், இதை மனப்பாடம் செய்யுங்கள்:

ஒன்று, ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்க உரிமை உண்டு. உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. மரியாதையாகக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

இரண்டு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமென்றால் தடுப்புக் காவல் முதலில் 4 நாள் வரை, பிறகு 3 நாள் வரை. அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடமே காயத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

மூன்று, தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். புரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

நான்கு, காசில்லை என்று வழக்கறிஞர் இல்லாமல் இருக்காதீர்கள். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் தடுப்புக் காவல் விசாரணைக்கே இலவச வழக்கறிஞரை அனுப்புகிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

இனி, பெரிய அநியாயத்துக்கு வருகிறேன். நம் பையன் ஒரே இரவில் ஓர் இன்ஜினை இறக்கி இன்னொன்றை ஏற்றுகிறான். ஒயரிங் பிரித்து மாட்டுகிறான், கம்ப்யூட்டர் பெட்டியைச் சரி செய்கிறான். இது தொழில் இல்லையா? மாரா தொழிற்கல்லூரிகள் அவனுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. எஸ்பிஎம் தோல்வி என்று மற்ற கதவுகளும் சாத்தப்படுகின்றன. பட்டறையில் நாள் சம்பளத்துக்கு நிற்கிறான். போர்மேன் வேலை அவன் செய்கிறான், போர்மேன் சம்பளம் வேறு யாருக்கோ! 2002-இல் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ராலிப் பட்டத்தை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் கரம்ஜிட் சிங், ஒரு பஞ்சாபியர். வழி விட்டால் நம் பிள்ளைகளும் செய்வார்கள்.

ஒரு கதவு இருக்கிறது, அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. திறன் மேம்பாட்டு இலாகாவின் பி.பி.டி. முறையில், வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையின் அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி எஸ்.கே.எம். சான்றிதழ் பெறலாம். உங்கள் மகன் மாற்றிய ஒவ்வொரு இன்ஜினையும் படம் எடுத்து, தேதி போட்டு, தவுக்கேயிடம் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பந்தயத்துக்குக் கட்டும் பணத்தை அந்த விண்ணப்பத்துக்குக் கட்டச் சொல்லுங்கள்.

நம் தலைவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் நான் வைக்கும் கோரிக்கை இவ்வளவுதான். ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டும் கட்டணத்தில், கிள்ளான் பள்ளத்தாக்குக்குள் ஒரு பந்தயத் திடல். எல்லா இனத்துக்கும் திறந்த வாகனத் தொழிற்பயிற்சி இடங்கள். லாக்கப்பில் நடக்கும் சாவுக்குப் பதில் சொல்ல வைக்கும் பல்லுள்ள ஆணையம். 2005-இல் அரச ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஜூலையில் வந்த அமைப்புக்கோ போலீஸ்காரரைத் தண்டிக்கும் அதிகாரமே இல்லை. 18 ஆண்டு காத்திருந்தது இதற்குத்தானா?

2007 நவம்பர் 25-இல் கண்ணீர்ப் புகைக்கு நடுவே நின்றவர்களில் பலர் இதே வயசுப் பையன்கள்தான். அவர்களுக்குத் துணிச்சல் குறைவில்லை, வேகமும் குறைவில்லை. அந்தத் துணிச்சல் நெடுஞ்சாலைத் தடுப்பில் மோதிச் சாகவோ, லாக்கப் தரையில் கிடக்கவோ பிறந்ததல்ல.

இந்த வாரமே உங்கள் மகனை உட்கார வைத்துப் பேசுங்கள். கத்தாதீர்கள், அழாதீர்கள். முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்லி, அவன் என்ன செய்திருக்கிறான் என்று கேளுங்கள். ஆசையோடு சொல்வான். சொல்லி முடித்ததும் இரண்டு காகிதம் கேளுங்கள்: இன்ஜினுக்கு ரசீது, அவன் கைத்தொழிலுக்குச் சான்றிதழ். இரண்டும் இல்லையென்றால், அவை கைக்கு வரும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும்!