மண்டைக்கு ஐந்து போர்வை

திண்ணையிலிருந்து குழந்தை விழுந்துவிடுகிறான். காயமோ கடுகளவு, ரத்தமோ சட்டையை நனைத்துவிடுகிறது. வீடே கலங்கிப் போகிறது. இவ்வளவு ரத்தம் எங்கிருந்து வந்தது?

மண்டையோட்டின் மேல் ஐந்து போர்வைகள் இருக்கின்றன. முதலாவது, மயிர் அடர்ந்த தோல். இரண்டாவது, கெட்டியான நார்த் திசு. ரத்தக் குழாய்கள் ஓடுவது இதில்தான். மூன்றாவது, நெற்றித் தசையையும் பிடரித் தசையையும் இணைக்கும் உறுதியான நார்த் தகடு. லத்தீன் மொழியில் இதற்குத் 'தலைக்கவசம்' என்றே பெயர். இம்மூன்றும் இணைபிரியாதவை; புருவத்தை உயர்த்தினால் சேர்ந்தே நகரும். நான்காவது, தளர்ந்த திசு. ஐந்தாவது, எலும்பைப் போர்த்த சவ்வு.

வேறிடத்தில் அறுபட்ட குழாய் சுருங்கித் தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும். தலையிலோ, இரண்டாம் போர்வையின் நார்கள் அதைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. ரத்தம் பெருகுவதன் ரகசியம் இதுவே. ஆகையால் சுத்தமான துணியை மடித்து வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். எலும்பு அமுங்கியிருப்பதாகத் தோன்றினால் மட்டும் அழுத்தலாகாது.

காயத்தில் காப்பிப் பொடியை அப்பும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது கூடாது. நான்காம் போர்வையில் நுழைந்த கிருமி தடையின்றிப் பரவும். மண்டையோட்டைத் துளைத்துச் செல்லும் சிறு சிரைகள் வழியே உள்ளேயும் புகக்கூடும்.

ரத்தம் நின்ற பிறகும் குழந்தை வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, உடனே டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள். ரத்தத்தைக் கண்டு நடுங்க வேண்டாம். இவ்வறிகுறிகளைக் கண்டபின் தாமதிக்கவும் வேண்டாம்.