கல் சொல்லும் ஆண்டு

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் மட்டக்களப்பிலிருந்து புகைவண்டியிற் பொலன்னறுவைக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள சிவாலயமொன்றின் முன்னே நின்ற மாணவன் ஒருவன், "ஐயா, இது பதினோராம் நூற்றாண்டுக் கோயில் என்கிறார்களே, கட்டியவர் ஆண்டைப் பொறித்து வைத்தாரா?" என்று வினவினான். நல்ல வினா, நேயர்களுக்கும் பயன்படும்.

அவன் காட்டியது இரண்டாம் சிவ தேவாலயம். அடிமுதல் முடிவரை கல்லாலாயது. அதிலே சோழ மன்னன் அதிராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. அவனது ஆட்சி 1070ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. எழுத்துப் பொறிக்கச் சுவர் வேண்டுமன்றோ? ஆதலின் கோயில் அதற்கு முந்தியது. கோயிலின் பெயரோ வானவன் மாதேவி ஈச்சரம். அது சோழ அரசியொருத்தியின் பெயர். சோழர் படை இலங்கையிற் கால்கொண்டது 993ஆம் ஆண்டளவில். ஆதலின் கோயில் அதற்குப் பிந்தியது. இவ்வாறு காலத்தின் இரு கரைகளும் தெரிந்துவிட்டன.

முதலாம் சிவ தேவாலயம் எண்ணில் முதலாவதாயினும் வயதில் இளையது. எண்கள் தொல்பொருளாளர் இட்டவை. அதன் சுவரணிகள் பாண்டியர் காலப் பாணியை ஒத்திருத்தலின் 13ஆம் நூற்றாண்டினதென்பர். பாணி நல்ல சான்றே. எனினும் தனித்து நிற்கும்போது வலிமை குன்றியது. பழைய முறையையே விடாது போற்றும் சிற்பிகளும் உளரல்லவா?

கிரேக்க நாட்டு டெல்பியில் ஏதென்சு நகரத்தார் எழுப்பிய சலவைக்கற் கருவூலம் ஒன்றுண்டு. கி.மு. 490இல் மரதன் போரில் வென்ற பொருளால் அது கட்டப்பட்டதெனப் போசேனியர் என்னும் பழைய பயண நூலாசிரியர் எழுதினார். சிற்பங்களின் பாணியை நோக்கிய அறிஞர் பலர் அதற்கும் முந்தியதென்றனர். அத்திவாரத்தை ஆராய்ந்த வேறு சிலர் போசேனியர் கூற்றே சரியென்றனர். அத்திவாரக் கற்கள் இடம்பெயராது கிடைத்தமையாலன்றோ அவ்வழக்கை மீண்டும் விசாரிக்க முடிந்தது!

நம் பகுதிக் கோயிலொன்றின் திருப்பணியின்போது, எழுத்துடைய பழங்கல்லொன்று படியாகப் பதிக்கப்பட்டு அதன்மேற் சீமெந்து பூசப்பட்டிருந்ததைக் கண்டேன். செய்தவர்கள் பத்தி மிக்கவர்களே; கல்லின் அருமையை எவரும் அவர்களுக்கு எடுத்துரைக்கவில்லை. படித்தவர்களாகிய எம்முடைய குறையும் அதுவே.

உங்கள் ஊரிலே திருப்பணி தொடங்குமுன், பழங்கற்களைப் படம்பிடித்து வையுங்கள். எழுத்துத் தென்பட்டால் தொல்பொருட் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அறிவியுங்கள். சாட்சியின் வாயை அடைத்துவிட்டு வரலாற்றைத் தேடுதல் முறையாகுமா?